கடத்தியின் மேற்பரப்பில் மின்பாயம் கணக்கிடுவது எப்படி?

ஓர் உலோகக் கோளம். ஆரம் 10 செ.மீ. அதற்கு 5 நானோ கூலூம் மின்னூட்டம் கொடுத்திருக்கிறோம். கோளத்தின் மேற்பரப்பு வழியே மின்பாயம் (ஒரு பரப்பைத் துளைத்துப் போகும் மின்புலக் கோடுகளின் அளவு) எவ்வளவு?

இந்தக் கேள்வியைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலும் மூன்று விடைகள் வரும். காஸ் விதியைப் போட்டு 565 என்பார் ஒருவர். கடத்திக்குள் மின்புலமே கிடையாது, எனவே 0 என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் ஆழமாகப் படித்தவர். மேற்பரப்பின் மேலேயே மின்புலம் பாதிதான் என்று எங்கோ பார்த்த நினைவில் 282 என்று எழுதுவார்.

மூவரையும் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்விதான் முழுமையாக இல்லை. மின்பாயம் என்பது கோளத்துக்குச் சொந்தமான எண் அல்ல, நாம் வரைகிற பரப்புக்குச் சொந்தமானது. பரப்பை உலோகத்தோலுக்கு மயிரிழை உள்ளே வரைந்தால் 0, மயிரிழை வெளியே வரைந்தால் 565. கடத்திகளில் வரும் குழப்பங்களில் முக்கால்வாசி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவதும் இதைத்தான்: பரப்பை எங்கே வரைந்தீர்கள்?

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு சிறிய தட்டையான பரப்பின் வழியே மின்பாயம்:

மின்பாயம் = மின்புலம் × பரப்பளவு × கொசைன் (கோணம்)

கோணம் என்பது மின்புலத்துக்கும் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்கும் இடையே உள்ளது. பரப்புக்கும் புலத்துக்கும் இடையே உள்ள கோணத்தைப் போட்டுவிட்டு விடை வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. படத்தில் அந்தச் செங்குத்துக் கோட்டை முதலில் வரைந்துவிட்டால் இந்தத் தவறு வராது.

மூடிய பரப்பாக இருந்தால் காஸ் விதி:

மொத்த மின்பாயம் = உள்ளே அடைபட்ட மின்னூட்டம் ÷ வெற்றிடத்தின் விடுதிறன்

விடுதிறனின் மதிப்பு 8.854 × 10⁻¹². ஒவ்வொரு முறையும் இதை வைத்து வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 1 நானோ கூலூமை இதால் வகுத்தால் ஏறக்குறைய 113 வருகிறது. அதாவது ஒவ்வொரு நானோ கூலூமும் 113 நியூட்டன் மீட்டர்²/கூலூம் மின்பாயத்தை வெளியே அனுப்புகிறது. இந்த 113ஐ மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகளில் பாதியைத் தாளே இல்லாமல் போடலாம். (எண்ணெய் போன்ற மின்காப்புப் பொருளுக்குள் கடத்தி இருந்தால் அந்தப் பொருளின் விடுதிறனால் வகுக்க வேண்டும். இங்கே எல்லாம் வெற்றிடம் அல்லது காற்று என்றே எடுத்துக்கொள்வோம்.)

முதல் படி: பரப்பை வரையுங்கள்

எண்களைத் தொடும் முன் படம் வரையுங்கள். உலோகத்தை நிழலிட்டுக் காட்டுங்கள். பிறகு, மின்பாயம் கேட்கப்பட்டுள்ள பரப்பைப் புள்ளிக்கோட்டால் வரையுங்கள். அந்தக் கோடு நான்கு இடங்களில் ஒன்றில்தான் போகும்: உலோகத்தின் சதைக்குள்ளே, வெளித்தோலை ஒட்டி வெளியே, உட்குழி இருந்தால் அதற்குள்ளே, அல்லது கடத்தியைவிட்டு வெகுதூரம் தள்ளி.

கேள்வியில் "மேற்பரப்பின் வழியே" என்று மட்டும் சொல்லியிருந்தால் வெளித்தோலை ஒட்டி வெளியே என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் அதை விடைத்தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி உங்களையும் காப்பாற்றும், திருத்துகிறவரையும் காப்பாற்றும்.

சரி, அந்த 282 எங்கிருந்து வந்தது? மின்னூட்டம் கணிதக் கோடு போலத் தடிமனே இல்லாமல் உட்கார்ந்திருப்பதில்லை. ஓரிரு அணுக்கள் தடிமனுள்ள ஒரு மெல்லிய அடுக்காக இருக்கிறது. புள்ளிக்கோட்டை அந்த அடுக்கின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை மெல்ல நகர்த்துவதாக நினைத்துப் பாருங்கள். உள்ளே அடைபடும் மின்னூட்டம் 0 நானோ கூலூமிலிருந்து 5 நானோ கூலூம் வரை ஏறுகிறது. மின்பாயமும் 0 முதல் 565 வரை ஏறுகிறது. பாதி மின்னூட்டம் கடந்த இடத்தில் 282. தோலின் மீது செயல்படும் விசையைக் கணக்கிட இந்தப் பாதி மதிப்பு உதவும். மின்பாயக் கணக்குக்கு இதைக் கொண்டுவர வேண்டாம்.

இரண்டாம் படி: கடத்தி என்ன செய்யும் என்பதைப் படத்தில் எழுதுங்கள்

நிலைமின்னியலில் மின்னூட்டங்கள் எல்லாம் ஓடி முடித்து ஓய்ந்த நிலையைத்தான் பேசுகிறோம். உலோகத்துக்குள் கொஞ்சம் மின்புலம் மிச்சம் இருந்தாலும் தடையின்றித் திரியும் எலக்ட்ரான்கள் நகரும். அவை நகர்வது நிற்கிறது என்றால் உள்ளே புலம் 0 என்று பொருள். இதிலிருந்து மற்றவை தானாக வருகின்றன. சதைக்குள் எந்த மூடிய பரப்பை வரைந்தாலும் மின்பாயம் 0, ஆகவே சதைக்குள் நிகர மின்னூட்டமும் 0. மிகுதியான மின்னூட்டம் முழுவதும் பரப்புகளில்தான் போய் அமரும். தோலை ஒட்டி வெளியே புலம் எப்போதும் பரப்புக்குச் செங்குத்து, ஏனென்றால் பக்கவாட்டில் சிறிதளவு இருந்தால்கூட எலக்ட்ரான்கள் தோலோடு வழுக்கி ஓடும்.

கடைசியாகச் சொன்னது நமக்குப் பெரிய வரம். செங்குத்து என்றால் கோணம் 0 அல்லது 180 பாகை. கொசைன் +1 அல்லது −1. தோலை ஒட்டிய பரப்பில் கோணத் தொல்லையே இல்லை.

உள்ளே புலம் 0 என்பதை ஏதோ தோராயம் என்று நினைத்துவிடாதீர்கள். மிகுதியான மின்னூட்டம் முழுவதும் பரப்புக்குப் போவதும், வெற்று ஓட்டுக்குள்ளும் புலம் இல்லாமல் போவதும் மின்விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால்தான். அந்த விதியைச் சோதிக்க 1971இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகிய மூவரும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கடத்தி ஓடுகளைத்தான் பயன்படுத்தினார்கள். வெளி ஓட்டுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துவிட்டு உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று தேடினார்கள். ஒன்றும் தெரியவில்லை. இருமடி என்பதில் உள்ள அந்த 2 என்ற எண், விலகினாலும் 10⁻¹⁶ என்ற அளவில்தான் விலகும் என்ற முடிவுக்கு அது அவர்களைக் கொண்டுசென்றது. நீங்கள் தாளில் எழுதும் 0க்குப் பின்னால் அத்தனை உறுதி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பிக்கு இது பொருந்தாது. அங்கே உள்ளே புலம் இருந்தே ஆகவேண்டும்.

மூன்றாம் படி: மின்னூட்டம் எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கு எழுதுங்கள்

வரவு செலவுக் கணக்குப் போலத்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

தடித்த ஓடுள்ள ஓர் உலோகக் கோளம், உள்ளே உட்குழி. உலோகத்துக்குக் கொடுத்த நிகர மின்னூட்டம் +2 நானோ கூலூம். உட்குழிக்குள், உலோகத்தைத் தொடாமல், +3 நானோ கூலூம் மின்னூட்டம் கொண்ட ஒரு சிறு குண்டு தொங்குகிறது. நடுவில் இல்லை, ஓர் ஓரமாக.

முதலில் சதைக்குள் ஒரு மூடிய பரப்பை வரையுங்கள். அங்கே புலம் 0, ஆகவே மின்பாயம் 0, ஆகவே அடைபட்ட மொத்த மின்னூட்டம் 0. உள்ளே ஏற்கெனவே +3 இருக்கிறது. அதை ஈடுகட்ட உட்சுவரில் −3 வந்தாக வேண்டும். உலோகத்தின் மொத்தம் +2. உட்சுவர் −3 எடுத்துக்கொண்டால் வெளித்தோலில் +5.

இப்போது விடைகள்:

குண்டைச் சுற்றி, உட்குழிக்குள்ளேயே வரைந்த மூடிய பரப்பு: 3 × 113 = 339.
உட்குழிக்குள்ளேயே, ஆனால் குண்டை உள்ளடக்காமல் வரைந்த மூடிய பரப்பு: 0.
சதைக்குள், உட்குழியைச் சுற்றி: 0.
வெளித்தோலுக்கு வெளியே, முழு ஓட்டையும் சுற்றி: 5 × 113 = 565.

இவற்றில் இரண்டு 0 வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. சதைக்குள் கிடைக்கும் 0 புலமே இல்லாததால் வருவது. உட்குழியில் கிடைக்கும் 0 உள்ளே நுழைந்த கோடுகள் அத்தனையும் வெளியேறுவதால் வருவது. அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் புலம் இருக்கிறது. மின்பாயம் 0 என்றதும் புலமும் 0 என்று எழுதிவிடும் பழக்கத்தை இந்த எடுத்துக்காட்டை வைத்தே விட்டுவிடுங்கள்.

குண்டை ஓரத்தில் தொங்கவிட்டது எதற்கு என்று கேட்கலாம். அதை எங்கே நகர்த்தினாலும் மேலே சொன்ன நான்கு எண்களும் மாறாது என்பதற்குத்தான். ஓரமாக இருப்பதால் உட்சுவரின் −3 சமமாகப் பரவாது, குண்டுக்கு அருகில் நெருக்கமாக இருக்கும். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வைச் சதை வெளியே விடாது. வெளித்தோல் கோளமாக இருப்பதால் +5 அங்கே சீராகப் பரவும். குண்டு உள்ளே எந்த மூலையில் இருக்கிறது என்பதை வெளியே நிற்பவர் எந்த மின் அளவீட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதை 1843இல் மைக்கேல் ஃபாரடே கண்ணால் காணும்படி செய்துகாட்டினார். பனிக்கட்டி வைக்கும் ஒரு சாதாரண உலோக வாளி. அதன் வெளிப்பக்கத்தைத் தங்க இலை மின்காட்டியோடு (மின்னூட்டம் ஏறினால் இலைகள் விரியும் கருவி) இணைத்தார். மின்னூட்டம் பெற்ற பித்தளைக் குண்டைப் பட்டுநூலில் கட்டி வாளிக்குள் இறக்கினார். குண்டு இறங்க இறங்க மின்காட்டியின் இலைகள் விரிந்தன. போதுமான ஆழம் போனதும் விரிவு நின்றுவிட்டது. அதன் பிறகு குண்டை இங்குமங்கும் அசைத்தாலும் இலைகள் அசையவில்லை. கடைசியில் குண்டு வாளியின் அடியைத் தொட்டது. அப்போதும் இலைகள் அப்படியே நின்றன. குண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதில் மின்னூட்டம் துளியும் இல்லை.

நம் எடுத்துக்காட்டில் இதைப் பொருத்திப் பாருங்கள். குண்டு உட்சுவரைத் தொட்டதும் +3ம் −3ம் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைகின்றன. வெளித்தோலில் +5 அப்படியே இருக்கிறது. வெளிப் பரப்பின் மின்பாயம் தொடும் முன்னும் 565, தொட்ட பின்னும் 565. இலைகள் ஏன் அசையவில்லை என்பது இந்த ஒரே எண்ணில் தெரிகிறது.

நான்காம் படி: பரப்பு மூடியதா, திறந்ததா?

மூடிய பரப்பு என்றால் அடைபட்ட மின்னூட்டத்தை எண்ணி 113ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. திறந்த பரப்பு என்றால், அதாவது தோலின் ஒரு துண்டு மட்டும் என்றால், பொதுவாகக் காஸ் விதி நேரடியாக உதவாது. வெற்றிடத்தில் ஒரு தட்டைப் பரப்பின் வழியே மின்பாயம் வேண்டும் என்றால் தொகையீடு செய்துதான் ஆகவேண்டும்.

ஆனால் கடத்தியின் தோலில் மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. நான் இந்தப் பாடத்தில் மிகவும் விரும்பும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

உலோகத்தோலின் ஒரு மிகச்சிறு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வளைந்த தோலாக இருந்தாலும் மிக அருகில் போனால் தட்டையாகத்தான் தெரியும். அங்கே மாத்திரைப் பெட்டி போல ஒரு குட்டி உருளையை, பாதி உலோகத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக வையுங்கள். இந்த உருளைக்கு மூன்று பக்கங்கள். அடிமூடி சதைக்குள் இருக்கிறது, அங்கே புலம் 0, மின்பாயம் 0. பக்கச்சுவரில் உள்ளே இருக்கும் பகுதியில் புலம் இல்லை. வெளியே இருக்கும் பகுதியில் புலம் சுவரோடு இணையாகப் போகிறது, அதைத் துளைக்கவில்லை, ஆகவே 0. உருளையை எவ்வளவு வேண்டுமானாலும் குட்டையாக்கலாம் என்பதால் இங்கே பிழைக்கு இடமில்லை. மிச்சம் இருப்பது மேல்மூடி மட்டும். உருளைக்குள் அடைபட்ட மின்னூட்டத்தின் மின்பாயம் முழுவதும் அந்த ஒரே மூடி வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

மேல்மூடியின் மின்பாயம் = அந்தத் தோல்துண்டில் உள்ள மின்னூட்டம் ÷ விடுதிறன்

சிறு துண்டுக்கு இது உண்மை என்றால், அடுத்தடுத்த துண்டுகளைக் கூட்டி எவ்வளவு பெரிய பகுதிக்கும் உண்மை. ஆகவே கடத்தித் தோலின் எந்தத் துண்டாக இருந்தாலும், அதை ஒட்டி வெளியே மின்பாயம் அந்தத் துண்டில் அமர்ந்திருக்கும் மின்னூட்டத்தால் மட்டும் தீர்மானமாகிறது. புலத்தைத் தனியாகக் கண்டுபிடிக்கவே வேண்டாம். அருகில் வேறு மின்னூட்டங்கள் இருக்கலாம், அவற்றின் பாதிப்பு எங்கே போனது? அந்தத் துண்டில் எவ்வளவு மின்னூட்டம் வந்து அமர்ந்தது என்பதிலேயே அது அடங்கிவிட்டது.

நம் 10 செ.மீ. கோளத்தில் சரிபார்ப்போம். பரப்பளவு 4 × பை × 0.1² = 0.1257 மீட்டர்². 5 நானோ கூலூமை இதால் வகுத்தால் பரப்படர்த்தி 3.98 × 10⁻⁸ கூலூம்/மீட்டர்². விடுதிறனால் வகுத்தால் தோலை ஒட்டிய புலம் ஏறக்குறைய 4,494 நியூட்டன்/கூலூம். இதைப் பரப்பளவால் திருப்பிப் பெருக்கினால் 565. கோளத்தின் மேல் பாதிக்கு மட்டும் வேண்டுமா? அதில் 2.5 நானோ கூலூம் இருக்கிறது, 282. (தொடக்கத்தில் பார்த்த 282க்கும் இதற்கும் தொடர்பில்லை, எண்தான் ஒன்று.)

இங்கேதான் பரப்படர்த்தி ÷ விடுதிறன் என்ற சூத்திரமும், பரப்படர்த்தி ÷ (2 × விடுதிறன்) என்ற சூத்திரமும் மோதிக்கொள்ளும். இரண்டாவது, மின்னூட்டம் பூசிய தடிமனற்ற ஒற்றைத் தாளுக்கு உரியது. அங்கே புலம் இருபக்கமும் சமமாகப் போகிறது, மாத்திரைப் பெட்டியின் இரண்டு மூடிகளும் மின்பாயத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. கடத்தியில் ஒரு மூடி அடைபட்டிருப்பதால் மற்றொன்றுக்கு முழுவதும் போகிறது. தனியாக நிற்கும் பெரிய உலோகத் தகடு ஒன்றுக்கு மின்னூட்டம் கொடுத்தால் அது இரண்டு முகங்களிலும் பாதி பாதியாகப் பிரியும். "தகட்டின் மொத்த மின்னூட்டம்" தந்திருந்தால் முதலில் 2ஆல் வகுத்து ஒரு முகத்தின் அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் கடத்திச் சூத்திரத்தைப் போடுங்கள். ஒரு முகத்தின் அடர்த்தியையே தந்திருந்தால் வகுக்கவே வேண்டாம். பலர் இரண்டு இடத்திலும் 2ஆல் வகுத்து விடையைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: தூண்டப்பட்ட மின்னூட்டம் வந்தால்

இனிமேல்தான் கடத்தி தன் வேலையைக் காட்டும்.

எர்த் கொடுத்த மிகப்பெரிய உலோகத் தளம் ஒன்று. அதற்கு 3 செ.மீ. மேலே +4 நானோ கூலூம் புள்ளி மின்னூட்டம். மின்னூட்டத்துக்கு நேர் கீழே மையம் கொண்டு, தளத்தின் மேல் 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் வழியே மின்பாயம் எவ்வளவு?

உலோகம் இல்லாமல் வெறும் கற்பனை வட்டமாக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். மின்னூட்டத்திலிருந்து வட்டத்தின் விளிம்புக்குத் தூரம் 5 செ.மீ. (3, 4, 5 முக்கோணம்). மின்னூட்டத்தை உச்சியாகவும் வட்டத்தை அடியாகவும் கொண்ட கூம்பின் அரைக்கோணத்தின் கொசைன் 3/5. ஒரு புள்ளி மின்னூட்டத்திலிருந்து அந்தக் கூம்புக்குள் போகும் பங்கு ½ × (1 − 3/5) = 1/5. மொத்த மின்பாயம் 4 × 113 = 452. அதில் ஐந்தில் ஒன்று, ஏறக்குறைய 90.

இப்போது உலோகம் இருக்கிறது. பிம்ப மின்னூட்ட முறைப்படி, தளத்துக்குக் கீழே அதே தூரத்தில் −4 நானோ கூலூம் இருப்பதாகக் கொண்டு தளத்தின் மேல் உள்ள புலத்தைக் கண்டுபிடிக்கலாம். அதிலிருந்து வட்டத்துக்குள் தூண்டப்படும் மின்னூட்டம்:

தூண்டப்பட்ட மின்னூட்டம் = −மின்னூட்டம் × (1 − உயரம் ÷ விளிம்புத் தூரம்)

எண்களைப் போட்டால் −4 × (1 − 3/5) = −1.6 நானோ கூலூம். 113ஆல் பெருக்கினால் −181. எதிர்க்குறி, ஏனென்றால் உலோகத்திலிருந்து வெளிநோக்கியதை நேர்த்திசையாக வைத்திருக்கிறோம். கோடுகள் உலோகத்துக்குள் வந்து முடிகின்றன.

90 எங்கே, 181 எங்கே. மிகச்சரியாக இருமடங்கு. வட்டத்தைப் பெரிதாக்கி முழுத் தளத்துக்கும் கொண்டுபோனாலும் இதே கதைதான்: கற்பனைத் தளம் என்றால் 226, உலோகத் தளம் என்றால் 452. கற்பனைத் தளத்தில் மின்னூட்டத்தின் கீழ்ப்பக்கம் கிளம்பிய கோடுகள் மட்டும் துளைக்கின்றன, மேல்பக்கம் கிளம்பியவை மேலேயே போய்விடுகின்றன. உலோகம் வந்ததும் மேலே கிளம்பிய கோடுகளும் வளைந்து திரும்பி வந்து தளத்தில் இறங்குகின்றன. கடத்தி இருக்கும் கணக்கில் திண்மக் கோணத்தை (மின்னூட்டத்திலிருந்து விரியும் கூம்பின் பங்கை) மட்டும் நம்பி "பாதிதான் வரும்" என்று எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, மின்னூட்டமே இல்லாத 10 செ.மீ. ஆர உலோகக் கோளத்தை 1,000 நியூட்டன்/கூலூம் சீரான மின்புலத்தில் வையுங்கள். கோளத்தைச் சுற்றிய மூடிய பரப்புக்கு மொத்த மின்பாயம் 0. இது எல்லோருக்கும் வரும். கேள்வி அதன் நேர்மின் பாதிக்கோளத்தைப் பற்றியது. உலோகம் இல்லாத வெறும் அரைக்கோளம் என்றால் புலம் × பை × ஆரம்² = 31.4. உலோகக் கோளத்தில் பரப்படர்த்தி 3 × விடுதிறன் × புலம் × கொசைன் (கோணம்) என்று அமைகிறது; இங்கே கோணம், கோளத்தின் மையத்தில் சீரான புலத்தின் திசையிலிருந்து அளப்பது. இதை அரைக்கோளம் முழுவதும் கூட்டினால் 3 × 31.4 = 94.2. மும்மடங்கு! கோளம் சிறிதோ பெரிதோ, இந்த 3 மாறாது.

இதைக் கோடுகளின் மொழியில் சொன்னால் இன்னும் நன்றாக மனத்தில் நிற்கும். தொலைவில் சீராக வரும் கோடுகளில், கோளத்தின் அச்சைச் சுற்றி 10 செ.மீ. ஆரத்துக்குள் வருபவை மட்டுமல்ல, 17.3 செ.மீ. ஆரத்துக்குள் வருபவை அத்தனையும் வளைந்து கோளத்தில் இறங்குகின்றன. 10ஐ √3ஆல் பெருக்கினால் 17.3. ஒரு முகத்தில் −94.2 உள்ளே போகிறது, மறுமுகத்தில் +94.2 வெளியே வருகிறது. நடுவே சதைக்குள் ஒன்றுமே கடக்கவில்லை.

எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்

கேள்வியில் ஒரே ஒரு சொல்லாக ஒளிந்திருக்கும் இது விடையை முற்றிலும் மாற்றிவிடும். 10 செ.மீ. ஆர உலோகக் கோளம், அதன் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி வெளியே +6 நானோ கூலூம் புள்ளி மின்னூட்டம். கோளத்தை மட்டும் சுற்றி ஒட்டிய மூடிய பரப்பு.

கோளம் தனித்து, மின்னூட்டம் இல்லாமல் நின்றால்: வெளி மின்னூட்டம் தோலில் ஏற்றத்தாழ்வை உண்டாக்கும், நிகரம் 0தான். மின்பாயம் 0.

கோளத்துக்கு எர்த் கொடுத்திருந்தால்: அதன் மின்னழுத்தம் 0 ஆக வேண்டும், அதற்காகத் தரையிலிருந்து எதிர் மின்னூட்டம் ஏறும். அளவு −6 × (10 ÷ 30) = −2 நானோ கூலூம். மின்பாயம் −226.

இரண்டு படங்களும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஒரு கம்பி மட்டும் கூடுதல். அதேபோல, மூன்றாம் படியில் பார்த்த உட்குழிக் கோளத்துக்கு எர்த் கொடுத்தால் வெளித்தோலின் +5 முழுவதும் தரைக்கு இறங்கிவிடும். உட்சுவரின் −3 அங்கேயே இருக்கும், உள்ளே தொங்கும் +3 அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளிப் பரப்பின் மின்பாயம் 565லிருந்து 0 ஆகிவிடும். எர்த் இல்லாத ஓடு வெளிப்புலத்தை உள்ளே விடாது, ஆனால் உள்ளே இருக்கும் மின்னூட்டத்தை வெளியே காட்டிக்கொடுக்கும். எர்த் கொடுத்த ஓடு இரண்டு பக்கமும் மறைக்கும்.

விடை வந்ததும்

குறியைப் பாருங்கள். மூடிய பரப்புக்கு வெளிநோக்கியதுதான் நேர். உட்குழியின் சுவர் போன்ற இடத்தில் "வெளிநோக்கி" என்பது எந்தப் பக்கம் என்று தடுமாறுவோம். உலோகத்தின் தோலாகப் பார்த்தால் உட்குழியை நோக்கிய திசை, உட்குழிக்குள் வரைந்த மூடிய பரப்பாகப் பார்த்தால் உலோகத்தை நோக்கிய திசை. எதை எடுத்தீர்கள் என்று படத்தில் ஓர் அம்பு போட்டுவிடுங்கள்.

அடுத்து, அளவு நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் மின்புலம் ஏறக்குறைய 3 × 10⁶ நியூட்டன்/கூலூமைத் தாண்டினால் காற்றே மின்காப்பை இழந்து பொறி பறக்கும். நம் 10 செ.மீ. கோளம் அதிகபட்சம் 3.3 மைக்ரோ கூலூம் வரைதான் தாங்கும். அதன் மின்பாயம் ஏறக்குறைய 3,77,000. காற்றில் உள்ள இந்தக் கோளத்துக்கு இதைவிடப் பெரிய எண் வந்திருந்தால் நானோவையும் மைக்ரோவையும் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

இனி நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. தனித்து நிற்கும் உலோகக் கனசதுரத்துக்கு 6 நானோ கூலூம் கொடுத்திருக்கிறோம். ஒரு முகத்தை ஒட்டி வெளியே மின்பாயம் எவ்வளவு? கனசதுரத்தில் மின்னூட்டம் சீராகப் பரவாது, விளிம்புகளிலும் மூலைகளிலும் நெருக்கமாகச் சேரும். பரப்படர்த்திக்கு எளிய சூத்திரம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஆறு முகங்களும் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாதவை, ஆகவே ஒவ்வொன்றிலும் சரியாக 1 நானோ கூலூம், மின்பாயம் 113. இப்போது ஒரு முகத்துக்கு எதிரே வேறொரு மின்னூட்டத்தைக் கொண்டுவந்து வையுங்கள். ஆறும் ஒன்றுபோல என்பது போய்விட்டது, எந்த முகத்துக்கு எவ்வளவு என்பதைக் கணினி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆறு முகங்களையும் கூட்டினால் மட்டும் அதே 678 வரும்.